தராசு யார் கையில்?

2025 ஏப்ரல் 9 அன்று தேசியப் பங்குச் சந்தையின் அதிகாரி ஒருவர், புணே அருகே சாகனில் இருந்த ஜென்சோல் இன்ஜினீயரிங் நிறுவனத்தின் மின்வாகன ஆலைக்குப் போனார். 30,000 கார்களுக்கு முன்பதிவு வந்திருப்பதாக அந்த நிறுவனம் ஜனவரியில்தான் பங்குச் சந்தைக்குத் தெரிவித்திருந்தது. ஆலையில் உற்பத்தி எதுவும் நடக்கவில்லை. இரண்டு மூன்று தொழிலாளர்கள் மட்டும் இருந்தார்கள்.

ஆறு நாள் கழித்து, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் இடைக்கால உத்தரவு வந்தது. 6,400 மின்சார கார்கள் வாங்குவதற்கென்று இரெடா, பவர் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் ஆகிய இரண்டு அரசு நிறுவனங்களிடம் பெற்ற கடன் ரூ.663 கோடிக்கு மேல். வாங்கிய கார்கள் 4,704. நிறுவனம் தன் பங்காகப் போட வேண்டிய தொகையையும் சேர்த்துப் பார்த்தால் ரூ.262 கோடிக்குக் கணக்கில்லை என்கிறது உத்தரவு. பணம் சுற்றி வளைத்துப் போன இடங்களில் குருகிராமில் ஓர் ஆடம்பரக் குடியிருப்பும் 26 லட்ச ரூபாய்க்கு கோல்ஃப் மட்டைகளும் உண்டு. கடன் தவணை ஒழுங்காகக் கட்டப்படுகிறது என்று தரமதிப்பீட்டு நிறுவனங்களிடம் காட்டிய கடிதங்களை, நாங்கள் தரவே இல்லை என்று கடன் கொடுத்தவர்களே மறுத்துவிட்டார்கள்.

இது இடைக்கால உத்தரவு. இறுதித் தீர்ப்பு அல்ல. ஆனால் நம் கேள்வி ஜென்சோலை நடத்திய ஜக்கி சகோதரர்களைப் பற்றியது மட்டுமல்ல. அந்த நிறுவனத்துக்கு இயக்குநர் குழு இருந்தது. சுயேச்சை இயக்குநர்கள் இருந்தார்கள். தணிக்கையாளரும் தணிக்கைக் குழுவும் இருந்தன. சட்டம் கேட்ட காவல் எல்லாம் காகிதத்தில் சரியாக இருந்தது. ஆலைக்கு ஒருமுறை போய்ப் பார்த்தாலே தெரியக்கூடியதைப் பார்க்க, வெளியிலிருந்து ஓர் ஆள் வர வேண்டியிருந்தது.

நமக்கு இது புதிதா? சத்யம் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் ஹார்வர்டு பேராசிரியர் இருந்தார். ஹைதராபாத் இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸின் தலைமைப் பொறுப்பில் இருந்தவரும் இருந்தார். 2008 டிசம்பர் 16 அன்று, தலைவர் ராமலிங்க ராஜுவின் மகன்கள் நடத்திய இரண்டு மேட்டாஸ் நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்க அந்தக் குழு ஒருமனதாக ஒப்புதல் தந்தது. முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்ததும் முடிவு கைவிடப்பட்டது. மூன்று வாரத்தில், 2009 ஜனவரி 7 அன்று, கணக்கில் காட்டிய ரூ.5,040 கோடி ரொக்கமும் வங்கி இருப்பும் இல்லவே இல்லை என்று ராஜு கடிதம் எழுதினார். நல்ல நிர்வாகத்துக்கான தங்க மயில் விருதை சத்யம் வாங்கியதும் அதே 2008-இல்தான்!

அந்த அதிர்ச்சிக்குப் பின் வந்ததே 2013 கம்பெனிகள் சட்டம். பட்டியலிட்ட நிறுவனங்களின் குழுவில் மூன்றில் ஒருவர் சுயேச்சை இயக்குநர், தணிக்கை நிறுவனங்களுக்குச் சுழற்சி முறை என்று அது நல்ல விதிகளைத் தந்தது. ஐந்தே ஆண்டில் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்ற உள்கட்டமைப்பு நிதிக் குழுமம் ரூ.91,000 கோடி கடனோடு சரிந்தது. எல்.ஐ.சி. கால்பங்கு வைத்திருந்த குழுமம் அது. திருப்பூரின் குடிநீர்த் திட்டத்திலும் கடலூர் மாவட்டத்து அனல்மின் நிலையத்திலும் கால் பதித்திருந்தது. 2018 ஆகஸ்டில் அதன் பத்திரங்களுக்கு உச்சத் தரமான மூன்று ‘ஏ’. செப்டம்பரில் கடன் தவறியதற்கான ‘டி’. இடர் மேலாண்மைக் குழு மூன்று ஆண்டுகளில் கூடியது ஒரே ஒரு முறை என்பது பின்னால் தெரியவந்தது. தரமதிப்பீட்டு நிறுவனங்களுக்கு செபி விதித்த அபராதம் முதலில் தலா 25 லட்சம், பிறகு ஒரு கோடி. 91,000 கோடிக்குப் பக்கத்தில் வைத்து இதைப் படிக்கவும்.

ஒவ்வொரு சரிவுக்குப் பிறகும் காவலர்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறோம், படிவங்களைக் கூட்டுகிறோம். காவலரை யார் வேலைக்கு வைக்கிறார், யார் கூலி கொடுக்கிறார் என்பதை மட்டும் தொடுவதில்லை. சுயேச்சை இயக்குநரைப் பெரும்பாலும் தேடிப் பிடிப்பவர், நிறுவனத்தைக் கையில் வைத்திருக்கும் புரமோட்டர். தரமதிப்பீட்டுக்குக் கட்டணம் தருவது, மதிப்பிடப்படும் நிறுவனமே. தணிக்கையாளரின் ஊதியமும் அங்கிருந்துதான்.

விளைபொருள் விற்பனையில் இந்தச் சிக்கலை நாம் எப்போதோ புரிந்துகொண்டோம். வியாபாரியின் தராசில் விவசாயியின் பருத்தியை நிறுத்தால் எடை எப்படி இருக்கும் என்று தெரிந்துதான், சென்னை மாகாணம் 1933-இலேயே வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் கொண்டுவந்தது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் தராசு வியாபாரியுடையது அல்ல. வியாபாரி யோக்கியரா என்று அங்கே யாரும் ஆராய்வதில்லை. தராசை இடம் மாற்றினார்கள், அவ்வளவுதான்.

செபிக்கும் இது தெரியாததல்ல. சுயேச்சை இயக்குநர் நியமனத்துக்கு, புரமோட்டர் அல்லாத பங்குதாரர்களின் பெரும்பான்மை ஆதரவும் வேண்டும் என்ற யோசனையை 2021 மார்ச்சில் அதுவே முன்வைத்தது. ஜூன் மாதத்துக்குள் அது நீர்த்துப்போய், சிறப்புத் தீர்மானம் போதும் என்றானது. சிறப்புத் தீர்மானத்துக்கு வேண்டியது பதிவான வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு. பட்டியலிட்ட நிறுவனத்தில் புரமோட்டர் வைத்துக்கொள்ளக்கூடிய உச்ச வரம்பும் 75 சதவீதம்! சிறு பங்குதாரர்களில் எத்தனை பேர் வாக்களிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பல நிறுவனங்களில் இந்த வாக்கெடுப்பு வெறும் சடங்கு.

இப்படி நெருக்கினால் தகுதியானவர்கள் குழுவுக்கு வரமாட்டார்கள் என்று தொழில்துறை சொல்கிறது. ஆண்டுக்குச் சில கூட்டங்களுக்கு வந்துபோகும் ஒருவர் போலீஸ்காரராக முடியாது என்பது உண்மைதான். அவருக்குத் தண்டனையை ஏற்றுங்கள் என்று நாம் கேட்கவில்லை. கேள்வி கேட்டால் அடுத்த முறை நாற்காலி இருக்காது என்ற பயத்தை எடுத்துவிடுங்கள் என்கிறோம். அந்த நாற்காலியைத் தருபவர் சிறு பங்குதாரர் என்றால், தகுதியுள்ளவர் ஏன் தயங்க வேண்டும்?

தணிக்கைக்கு முன்மாதிரி நம்மிடமே உண்டு. அரசு நிறுவனங்களின் தணிக்கையாளரை நியமிப்பது தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் ஒப்புதல் வேண்டும். இதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டோம்: 2025 மார்ச்சில் இண்டஸ்இண்ட் வங்கி டெரிவேட்டிவ் கணக்கில் ஒப்புக்கொண்ட ஓட்டை சுமார் ரூ.2,000 கோடிக்கு வந்து நின்றது. நியமனம் சரியாக இருந்தாலும் கண் அசரலாம். ஆனால் கண்ணை மூடிக்கொள்ளக் காரணமே இருக்கும் ஏற்பாட்டைவிட அது மேல்.

2021 மார்ச்சின் அந்த யோசனையை செபி மறுபடி கையில் எடுக்க வேண்டும். முதல் கட்டமாக, அரசு நிறுவனங்களிடமும் வருங்கால வைப்புநிதிகளிடமும் கடன் வாங்கியிருக்கும் பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு மட்டுமாவது அதை நடைமுறைப்படுத்தட்டும். அதே நிறுவனங்களின் தரமதிப்பீட்டுக் கட்டணத்தைப் பொது நிதியொன்றில் வசூலித்து, யார் மதிப்பிடுவது என்பதைச் சுழற்சி முறையில் செபியே ஒதுக்கட்டும்.