பரீட்சை மண்டபம்

போன மாதக் கூட்டத்தில் ஒரு நண்பர் (கவிஞர், நம் வட்டத்தில் எல்லோரும் மதிப்பவர்) பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “சென்னைப் பல்கலைக்கழகம் இருந்தால் என்ன, இழுத்து மூடினால் என்ன? நமக்கும் அதற்கும் என்ன ஸ்நானப் பிராப்தி?” சுற்றியிருந்த பதினோரு பேரும் சிரித்தோம். நானும்தான். பஸ்ஸில் வீடு திரும்பும்போது அந்தச் சிரிப்பு எனக்கு உவப்பாக இல்லை. ஒரு அசட்டுத்தனத்துக்குத் துணை போய்விட்ட உணர்வு. இந்தக் கட்டுரை என் பங்குச் சிரிப்பை வாபஸ் வாங்கிக்கொள்ளும் காரியம்.

நண்பரின் கோபத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1857 செப்டம்பர் 5ஆம் தேதி சட்டப்படி பிறந்த அந்த ஸ்தாபனம், கற்பிப்பதற்காகப் பிறந்ததே அல்ல. அன்றைய லண்டன் பல்கலைக்கழகத்தின் அச்சில் வார்த்தது. கற்பிக்கும் வேலை கல்லூரிகளுடையது. வேறெங்கோ படித்து வந்தவனைப் பரீட்சை வைத்து அளந்து, முத்திரை குத்தி அனுப்புவதுதான் பல்கலைக்கழகத்தின் வேலை. ஒரு சுங்கச்சாவடி. தானே கற்பிக்கவும் ஆராயவும் சட்டம் இடம் கொடுத்தது 1904இல். அதாவது முதல் நாற்பத்தேழு வருஷம் நம் சர்வகலாசாலைக்குத் தெரிந்த கலை ஒன்றுதான் — வினாத்தாள். கடற்கரையில் சிஸம் 1879இல் கட்டி முடித்த ஸெனட் ஹவுஸைப் பாருங்கள். பல்கலைக்கழகம் தனக்கென்று எழுப்பிக்கொண்ட அந்தப் பெரிய கட்டடம் நூலகமும் அல்ல, சோதனைச்சாலையும் அல்ல. சபை கூடுகிற மண்டபம்.

இந்த யந்திரத்திலிருந்து வெளிவந்த முதல் பி.ஏ.க்கள் இருவர். இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து, வட்டுக்கோட்டை செமினரியில் படித்து வந்தவர்கள். ஒருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. தொல்காப்பியம் சேனாவரையம், வீரசோழியம், கலித்தொகை என்று அவர் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவற்றின் பட்டியல் நமக்குத் தெரியும். அவற்றில் எதற்கும் அவருக்குப் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் காரணமல்ல. கணக்கு இலாகாவில் உத்தியோகம், பிறகு புதுக்கோட்டையில் நீதிபதி. மிச்சமிருந்த பொழுதில் சுவடி. பேரேட்டோடு மாரடிக்கும் எனக்கு அந்த மனிதர் மேல் ஒரு தனி வாஞ்சை உண்டு. சாமிநாதையருக்கோ பட்டமே கிடையாது. சிந்தாமணி 1887இல் வந்தது, புறநானூறு 1894இல். பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுக்க 1932 வரை காத்திருந்தது. அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு.

இவ்வளவையும் நண்பர் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வார். எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் கதை இத்தோடு முடியவில்லை. வசதியான இடத்தில் கதையை நிறுத்திக்கொள்வது நம் வட்டத்தின் பழக்கதோஷம்.

எஃப்.ஏ. பரீட்சையில் இரண்டு முறை தோற்ற ஒரு பையன் 1912இல் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் மாதம் முப்பது ரூபாய் குமாஸ்தா. அவனைத் தோற்கடித்தது இதே பல்கலைக்கழகத்தின் பரீட்சைதான். 1913 மே முதல் மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்து அவனை மேஜையிலிருந்து எழுப்பி விட்டதும் இதே பல்கலைக்கழகம்தான். எம்.ஏ. படித்தவனுக்குத்தான் அந்தப் பணம் என்று விதி இருந்தது. ஸிண்டிகேட் கூடி, விதியை ஓரமாக வைத்தது. நிபந்தனை ஒன்றே: மூன்று மாதத்துக்கொருமுறை, செய்த வேலையைப் பற்றி அறிக்கை தரவேண்டும். ராமானுஜன் தந்தார். உலகம் கேம்பிரிட்ஜை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது. கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறும் முன் அந்தப் பத்துப் பதினோரு மாதம், சோற்றுக் கவலை இல்லாமல் அவரைக் கணக்குப் போட விட்டது ஒரு பரீட்சை யந்திரம். தன் தீர்ப்பு தப்பு என்று அந்த யந்திரம் ஒரு நாள் ஒப்புக்கொண்டது. இது சின்ன விஷயம் இல்லை.

அதே 1913இல்தான் தமிழ் லெக்ஸிகன் வேலை தொடங்கியது. சாண்ட்லர் என்ற அமெரிக்கப் பாதிரியார் ஆரம்பித்து வைத்தார். 1926இல் வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக வந்து கரை சேர்த்தார். ஆறு தொகுதிகள், 1924 முதல் 1936 வரை. பிறகு ஒரு அனுபந்தம். ஒரு லட்சத்துக்கும் மேல் சொற்கள். ஒரு லட்சம் ரூபாய் என்று போட்ட மதிப்பீடு நான்கு லட்சத்தைத் தாண்டியது. என் தொழில் பாஷையில் சொன்னால், எந்த ஆடிட்டரும் பத்தாவது வருஷத்திலேயே இதை வாராக்கடன் என்று சிவப்பு மையில் எழுதியிருப்பான். வையாபுரிப் பிள்ளையோ பட்டணத்துப் பேராசிரியராக வந்தவர் அல்ல, வக்கீல் தொழிலிலிருந்து வந்தவர். அவர் போட்ட கால நிர்ணயங்களுக்காக அவரை இன விரோதி என்கிற அளவுக்குத் தூற்றினார்கள். அவருடைய தேதிகள் பல இன்று நிற்காமல் போகலாம். தேதியைத் தேதியால் மறுப்பது ஆராய்ச்சி; வசவால் மறுப்பது தெருச்சண்டை. திட்டியவர்கள் வீட்டு அலமாரியிலும் அவருடைய லெக்ஸிகன்தான் இருந்தது.

இன்னொன்று. 1952இல் ஜி. என். ராமச்சந்திரன் பௌதிகத் துறைத் தலைவராக வந்தார். துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் முதலில் சி. வி. ராமனைத்தான் கேட்டார், ராமன், என் மாணவனைக் கூப்பிடு என்றார். 1954இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, கொலாஜன் என்ற புரதம் மூன்று இழையாக முறுக்கிய கயிறு என்று சொன்னார். பக்கத்திலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் உறவு அதற்கு உதவியது. 1963இல் வந்த ராமச்சந்திரன் வரைபடம் இன்றைக்கும் உலகத்தில் எந்தப் புரதத்தின் வடிவத்தையும் சரிபார்க்கும் உரைகல். முதலியார் 1969இல் போனார். ஒன்றிரண்டு வருஷத்தில் ராமச்சந்திரன் பெங்களூருக்குப் போனார்.

இந்த மூன்று கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோது எனக்குப் படுவது இது: சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி ஒருபோதும் விதியாக இருந்ததில்லை. எப்போதும் விதிவிலக்காகவே இருந்திருக்கிறது. யாரோ ஒரு மனிதர், ஒரு துணைவேந்தரோ ஒரு ஸிண்டிகேட்டோ, பரீட்சைப் புத்தியைச் சற்று நேரம் தள்ளி வைத்தபோது அது நடந்திருக்கிறது. ஆள் போனதும் நின்றிருக்கிறது. இன்று நிலைமை அதைவிட மோசம். இன்று ஆராய்ச்சியே பரீட்சை ஆகிவிட்டது. விதிவிலக்குக்கான சந்து அடைபட்டுவிட்டது.

ஒரு உதாரணம். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். எல்லாம் ஒரே வார்ப்பு. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஆராய்ச்சி மாணவர் வங்கி கவுண்ட்டருக்கே வந்து என்னைப் பிடித்தார். நம் பத்திரிகைகளில் எழுதிய, காலமாகிவிட்ட ஒரு கவிஞர்தான் அவருடைய தலைப்பு. கையில் ஒரு படிவம். உவமைகள் எத்தனை, சமுதாயச் சிந்தனைகள் யாவை, பெண் பற்றிய பார்வை, முடிவுரை. எனக்குக் கேலி வந்தது. டீக்கடையில் உட்கார்ந்ததும் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சார், பத்திரிகையில வந்த கவிதையில ஒரு வரி இருக்கு. புஸ்தகத்தோட ரெண்டாம் பதிப்புல அது இல்ல. கவிஞரே எடுத்தாரா, அச்சுல விட்டுப்போச்சான்னு தெரியல. அந்த வரி இல்லாட்டி கவிதை வேற மாதிரி ஆயிடுது சார்.” நான் அந்தக் கவிதையை இருபது தடவையாவது படித்திருப்பேன். கவனித்ததில்லை.

“தம்பி, இதை எழுதுங்க. இதுதான் ஆராய்ச்சி” என்றேன்.

“இதுக்கு அத்தியாயம் இல்ல சார்” என்றார்.

தாமோதரம் பிள்ளை செய்த வேலை இதுதான். சாமிநாதையர் செய்ததும் இதுதான். பாடம் பார்ப்பது. அதற்கு அந்தப் பையனுடைய ஐந்து அத்தியாயத்தில் இடமில்லை. காசு வாங்கிக்கொண்டு கட்டுரை போடுகிற ‘ஆய்விதழ்’களில் அவர் இரண்டு கட்டுரை வெளியிட்டாக வேண்டும், அதற்கு இடமிருக்கிறது. அவரைக் கேலி செய்ய நினைத்த எனக்குத்தான் அன்று வெட்கமாக இருந்தது.

சரி, நம் பக்கம் வருவோம். பல்கலைக்கழகம் செய்யாததை நாம் செய்தோம் என்று மார்தட்டுகிறோம். உண்மைதான். புதுக்கவிதைக்கு 1959இலிருந்து இடம் கொடுத்தது எந்தத் தமிழ்த்துறையும் அல்ல, செல்லப்பாவின் ‘எழுத்து’. தற்காலத் தமிழுக்கு ஒரு அகராதி 1992இல் வந்தது ஒரு சிறு பதிப்பகத்திலிருந்து, க்ரியாவிலிருந்து. ராமகிருஷ்ணன் 2020இல் கண் மூடும் முன் மூன்றாவது பதிப்பையும் பார்த்துவிட்டுப் போனார். பெருமைப்பட வேண்டிய காரியங்கள். ஆனால் அவற்றின் விலை என்ன? செல்லப்பா புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்தார். க்ரியா அகராதி ஒரு மனிதரின் ஆயுளைத் தின்றது. ஒவ்வொரு அகராதிக்கும் ஒரு ஆளைப் பலி கொடுத்துக்கொண்டிருக்கிற கலாசாரம், அந்தப் பலியைத் தன் சாதனை என்று கொண்டாடுவதில் ஏதோ கோளாறு இருக்கிறது. தனி மனிதனின் தீவிரம் ஒரு இதழ் நடத்தப் போதும். இருபத்தைந்து வருஷ வேலைக்கு, ஆள் மாறினாலும் நிற்காத வேலைக்கு, ஸ்தாபனம் வேண்டும். சாண்ட்லர் விட்ட இடத்திலிருந்து வேறு ஒருவர் தொடர முடிந்தது ஸ்தாபனம் இருந்ததால்தான். நம் பத்திரிகைகளில் ஆசிரியருக்குக் காய்ச்சல் வந்தால் இதழ் நின்றுவிடுகிறது.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கசப்பாக இருக்கும். பல்கலைக்கழகம் நமக்கு வேண்டாம் என்று சொல்லும் நம்மில் எத்தனை பேர், தன் தொகுதி பாடத்திட்டத்தில் வந்தால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்? கருத்தரங்கு அழைப்பு வந்தால் லீவு போட்டுவிட்டுத்தான் போகிறோம். அந்த ஸ்தாபனத்தின் மேல் நமக்கு வெறுப்பும் இல்லை, அக்கறையும் இல்லை. அங்கீகாரத்துக்கு மட்டும் அது வேண்டியிருக்கிறது. ஆக, நாமும் அதைப் பரீட்சை மண்டபமாகத்தான் பார்க்கிறோம். முத்திரைக்காக வரிசையில் நிற்கிறோம்.

2024 பிப்ரவரியில், 424 கோடி ரூபாய் வரிப்பாக்கி என்று சொல்லி, வருமான வரித்துறை சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. துணைவேந்தர் நாற்காலி 2023 ஆகஸ்டிலிருந்து காலி. ஆளுநருக்கும் அரசுக்கும் இழுபறி. ஒரு காலத்தில் தென்னிந்தியா முழுக்க விரிந்திருந்த ஸ்தாபனம் சென்னை, அதைச் சுற்றிய மாவட்டங்கள் என்று சுருங்கி, ஓய்வு பெற்றவர் இடத்துக்கு ஆள் போடாமல் காலம் தள்ளி வந்தது. கணக்கு முடக்கம் என்பது எனக்குத் தொழில்ரீதியாகச் சாதாரண வார்த்தை. ஒரு உத்தரவு வரும், ஒரு பொத்தானை அழுத்துவோம், அவ்வளவுதான். ஆனால் அன்று செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த நான்கு லட்ச ரூபாய் ஞாபகம் வந்தது. லெக்ஸிகனுக்குப் போன பணம் யாருடையது? பொதுப்பணம். என் பாட்டன் கட்டிய தீர்வையும் அதில் இருந்திருக்கும். அந்தக் கணக்கில் நமக்கும் பங்கு உண்டு. தன் கணக்கு முடக்கப்பட்டபோது பங்குதாரன் சிரிப்பானா?

பல்கலைக்கழகத்தைப் போற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதோடு சண்டை போடத் தகுதியான விஷயங்களுக்குச் சண்டை போடவேண்டும் என்கிறேன். என் கவிதையைப் பாடமாக வை என்று அல்ல. காலியிடத்தை நிரப்பு, பதினைந்து வருஷம் பிடிக்கிற வேலைக்குப் பதினைந்து வருஷம் சம்பளம் கொடு, அழிந்துகொண்டிருக்கும் சிறுபத்திரிகைகளைத் தேடி வாங்கி, ஈரம் படாத இடத்தில் அடுக்கு, பாடவேறுபாடு பார்க்கத் தெரிந்த பையனுக்கு ஒரு அத்தியாயம் கொடு. 1913இல் ஒரு விதியை ஓரமாக வைக்கத் தெரிந்தவர்களிடம் இதைக் கேட்கலாம்.

அந்த மாணவருக்கு இங்கே ஆறு பக்கம் ஒதுக்கி வைக்கும்படி ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். கடிதமும் போட்டேன். பதில் வந்தது. விடுபட்ட வரியைப் பற்றி நிறையக் குறிப்பு எடுத்து வைத்திருக்கிறாராம். தீஸிஸ் முடியட்டும் சார், பிறகு எழுதுகிறேன் என்கிறார்.