குற்றவியல் கற்றார்க்கு வழி யாது?

குற்றவியல் கற்பது காவல்துறையிற் சேர்தற்பொருட்டே என்பது நம் நாட்டிற் பரவிய எண்ணம். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இக்கலைக்குத் தனித்துறைகள் உள. நம்முடன் பள்ளியிற் பயின்ற தோழர் சிலரும் இதனைக் கற்று வருகின்றனர். அவர்தம் பெற்றோரோ, “மகன் காக்கியுடை தரிப்பது எந்நாள்?” என்றே வினவுகின்றனர். இவ்வெண்ணம் திருத்தத்தக்கது என்பது நம் கருத்து.

தமிழ்நாட்டில் உதவி ஆய்வாளர் தேர்வு எழுதுதற்கு யாதானும் ஒரு பட்டம் போதும். இந்தியக் காவற்பணிக்குரிய தேர்வும் அத்தகையதே. வரலாறு கற்றவரும், வேதியியல் கற்றவரும், நம்போல் இலக்கியம் கற்றவரும் அவ்வாயிலில் ஒருங்கே நிற்கின்றனர். ஆகவே அவ்வாயில் ஒன்றையே நம்பிக் குற்றவியல் கற்றவர், பின்னர் மனம் நோதல் இயல்பே.

அங்ஙனமாயின் அக்கல்வி வீணோ? அன்று. அதற்குரிய களம் பிறிதோரிடத்துளது. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தை நோக்குக. 21 வயது நிரம்பாத ஒருவன், ஆயுள் தண்டனைக்குரியதல்லாத குற்றம் செய்தானாயின், அவனைச் சிறைக்கு அனுப்புமுன் நீதிமன்றம் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டல் வேண்டும். அவன் வளர்ந்த வீடு எத்தகையது, கூடிய நட்பு யாது, திருந்துதற்கு இடமுண்டோ என ஆராய்ந்து எழுதுபவர் அவ்வலுவலரே. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் நன்னடத்தை அலுவலர்க்குப் பெரும்பொறுப்பு அளிக்கின்றது. மாவட்டந்தோறும் அமையும் சிறார் காவற்பிரிவில் சமூகப் பணியாளர் இருவர் இருத்தல் வேண்டும் என்றும் விதிக்கின்றது. சிறைகளிலும் கைதிகளின் நலம் பேணும் பணிகள் உள.

நம்மிற் பலர் 21 வயது நிரம்பாதவரே. நம்மை ஒத்த ஒருவன் வறுமையாலோ தீய நட்பாலோ பிறர் பொருளைக் கவர்ந்தான் எனக் கொள்வோம். அவன் அன்னைபாற் செல்வதும் சிறைபுகுவதும் பெரிதும் அவ்வறிக்கையைப் பொறுத்தன. குற்றத்தின் காரணங்களை முறையாகக் கற்ற ஒருவர் அதனை எழுதுவாராயின் எத்துணை நன்று! பொற்கொல்லன் சொல்லை நம்பி, ஆராயாது கோவலனைக் கொல்வித்த கதையைக் கற்கும் நாம், ஆராய்வாரின் அருமையை அறியாதிருத்தல் தகுமோ?

காவலர் இடங்களை நோக்க இப்பணியிடங்கள் மிகச் சிலவே என்பர். அது மெய்யே. சமூகப்பணியும் உளவியலும் கற்றோரும் இவற்றை நாடுவர் என்பதும் மெய்யே. ஆயின், அரசு இவ்விடங்களைப் பெருக்குதல் வேண்டும். குற்றவியற் பட்டத்திற்கு இவற்றில் முதலிடம் தருதலும் வேண்டும். ஒரு கலைக்குத் துறைகளை நிறுவி, பட்டமும் அளித்து, கற்றாரை வாயிலில் நிறுத்திவைத்தல் முறையன்று.

குற்றவியல் பயிலும் தோழர்காள்! காக்கியுடை கிடைப்பின் மகிழ்க, கிடையாவிடின் தளரற்க. குற்றவாளியைப் பிடிப்பார் பலர் உளர். அவனை மீட்பார் சிலரே. அச்சிலருள் ஒருவராதற்கே நீவிர் கற்றீர் என்பதை மறவாதீர்.