நீதிபதி ஆக ஆசையா? முதலில் அரசமைப்புச் சட்டத்தைப் படி!



புந்தோங்கில் குடியிருக்கும் லாரி ஓட்டுநர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். மகள் சட்டப் படிப்பில் இரண்டாம் ஆண்டு.

"சார், எங்கப்பா சுங்கை சிப்பூட் பக்கம் பால்மரம் சீவுனவரு. இந்தப் பிள்ளை ஜட்ஜ் ஆவணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. நம்ம ஆளு ஒருத்தர் அங்க உட்கார்ந்தாத்தானே சார் நமக்கு நியாயம் கிடைக்கும்?" என்றார்.

நான் அந்தப் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "நம் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தில் 12ஆம் பிரிவின் நான்காவது உட்பிரிவு என்ன சொல்கிறது?" அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு, "அது இந்தத் தடவை பரீட்சைக்கு வரலைங்க சார்" என்றாள்.

பரீட்சைக்கு வராத அந்த ஒரு வரிக்காகத்தான், இதே ஈப்போவில் ஒரு தாய் ஒன்பது ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறி இறங்கினார். அவர் பெயர் இந்திரா காந்தி. பாலர் பள்ளி ஆசிரியை. நம்மைப் போன்ற எளிய குடும்பம்.

நடந்தது என்ன? 2009ஆம் ஆண்டு மார்ச்சில் அவருடைய கணவர் இஸ்லாத்தைத் தழுவினார். அது அவருடைய உரிமை. அதில் நமக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் 11 மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதமே மூன்று பிள்ளைகளும் மதம் மாறிவிட்டதாகப் பத்திரம் வந்தது. தாயிடம் யாரும் கேட்கவில்லை. பிள்ளைகள் அந்த அலுவலகத்துக்குப் போகவே இல்லை. பால்குடி மறவாத குழந்தை எந்த வாயால் உறுதிமொழி சொன்னது?

இனி நீங்களே நீதிபதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு உங்கள் முன்னால் வருகிறது. மூன்று கேள்விகளுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

முதல் கேள்வி: 12(4) சொல்வது 18 வயதுக்குட்பட்டவரின் மதத்தை அவருடைய 'பேரண்ட்' அல்லது பாதுகாவலர் முடிவு செய்யலாம் என்பது. ஒருமையில் இருக்கிறது அந்தச் சொல். தாயோ தகப்பனோ ஒருவர் போதும் என்று அர்த்தமா? அரசமைப்புச் சட்டத்தின் கடைசிப் பக்கங்களில் பதினோராவது அட்டவணை இருக்கிறது. ஒருமையில் உள்ள சொல் பன்மையையும் குறிக்கும் என்று அங்கே எழுதியிருக்கிறது. கடைசிப் பக்கம் வரை படித்தவனுக்குத்தான் இது தெரியும்!

இரண்டாவது கேள்வி: 1988இல் சேர்க்கப்பட்ட 121(1A), ஷரியா நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயங்களில் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்கிறது. அப்படியானால் ஷரியா நீதிமன்றத்தில் வழக்காடவே முடியாத ஓர் இந்துத் தாய் எந்தக் கதவைத் தட்டுவாள்?

மூன்றாவது கேள்வி: ஒரு பதிவாளர் சட்டம் சொன்ன நிபந்தனைகளைப் பின்பற்றாமல் பத்திரம் கொடுத்தால், அந்தப் பத்திரத்தை யாருமே கேள்வி கேட்க முடியாதா?

2013இல் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் லீ ஸ்வீ செங் இந்தப் பத்திரங்கள் செல்லாது என்றார். 2015 டிசம்பர் 30இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்று அதைக் கவிழ்த்தது. பெரும்பான்மை நீதிபதிகள் பத்திரமே இறுதி என்றார்கள், இது ஷரியா நீதிமன்றத்தின் விஷயம் என்றார்கள். மாறுபட்டு எழுதிய ஒரே ஒருவர் ஹமிட் சுல்தான். 2018 ஜனவரி 29இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் தாயின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். இரு பெற்றோரின் சம்மதமும் வேண்டும், நிபந்தனை மீறிய பத்திரம் செல்லாது, அரசு அதிகாரியின் செயலை ஆராயும் அதிகாரத்தை உயர் நீதிமன்றத்திடமிருந்து யாரும் பிடுங்க முடியாது என்றது அந்தத் தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி ஜைனுன் அலி.

இப்போது அந்த லாரி ஓட்டுநரின் கேள்விக்கு வருகிறேன். 'நம்ம ஆளு' உட்கார்ந்தால் நியாயம் கிடைக்குமா?

அந்தத் தாய்க்கு நியாயம் எழுதியவர்களைப் பாருங்கள். ஒருவர் சீனர். ஒருவர் இந்திய முஸ்லிம். ஒருவர் மலாய் முஸ்லிம் பெண்மணி. இவர்களில் யாரும் 'நம்ம ஆள்' இல்லை. அவர்கள் இந்திராவுக்குச் சலுகை காட்டவில்லை. அரசமைப்புச் சட்டத்தை முழுதாகப் படித்தார்கள், படித்ததைத் துணிந்து எழுதினார்கள். அவ்வளவுதான்! சட்டம் தெரியாத தமிழர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, மேலே இருப்பவர் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதினால் நமக்கு என்ன லாபம்? தீபாவளி விருந்தில் படம் எடுத்துக்கொள்ளலாம். வேறொன்றும் கிடைக்காது.

ஆகவே 'எங்கள் இனத்துக்கு எத்தனை நீதிபதி' என்று மட்டும் கேட்டு நிற்காதீர்கள். அதுவும் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. இந்த நாட்டில் நீதிபதி ஆகிறவருக்கு அரசமைப்புச் சட்டம் எவ்வளவு தெரியும்?

உயர் நீதிமன்ற நீதிபதி ஆவதற்கு 123ஆம் பிரிவு கேட்பது குடியுரிமையும், வழக்கறிஞராகவோ நீதி, சட்டச் சேவையிலோ பத்து ஆண்டுகளும். 2009ஆம் ஆண்டு நீதிபதிகள் நியமன ஆணையச் சட்டம் நேர்மை, திறமை, அனுபவம், நடுநிலை, உழைப்பு, எழுத்தாற்றல், உடல் மன நலம் எல்லாவற்றையும் பட்டியல் போடுகிறது. அரசமைப்புச் சட்ட அறிவு என்று தனியாக ஒரு வரி இல்லை! கம்பெனி வழக்கிலும் விபத்து வழக்கிலும் காலம் தள்ளியவர், பதவியேற்ற மறு வாரமே ஒரு குழந்தையின் மதத்தைத் தீர்மானிக்க உட்காரலாம். பதவியேற்கும்போது அரசமைப்புச் சட்டத்தைப் பேணிக் காப்பேன் என்று சத்தியம் செய்கிறார். தெரியாத ஒன்றை எப்படிக் காப்பது?

நியமனத்துக்கு முன்பே அரசமைப்புச் சட்டத்தில் அவர் என்ன எழுதியிருக்கிறார், என்ன வாதாடியிருக்கிறார் என்று ஆணையம் பார்க்க வேண்டும். இது நம் கோரிக்கை. இதில் இனம் இல்லை, மதம் இல்லை.

நீதிபதி ஆக விரும்பும் பிள்ளைகளே, உங்களுக்கு என் பாடத்திட்டம் இது:

4ஆம் பிரிவு: இந்த நாட்டின் உச்ச சட்டம் அரசமைப்புச் சட்டமே. நாடாளுமன்றம்கூட அதற்குக் கீழேதான்.

5, 8ஆம் பிரிவுகள்: உயிர், தனிமனிதச் சுதந்திரம், சட்டத்தின் முன் சமத்துவம்.

11, 12ஆம் பிரிவுகள்: மதச் சுதந்திரமும், பிள்ளையின் மதமும்.

14ஆம் பிரிவும் இரண்டாவது அட்டவணையும்: குடியுரிமை. தோட்டத்தில் பிறந்து அடையாள அட்டை இல்லாமல் திண்டாடும் நம் பிள்ளைகளின் தலையெழுத்து அங்கேதான் இருக்கிறது.

121ஆம் பிரிவு: 1988இல் நீதிமன்றங்களின் அதிகாரத்தைக் குறைக்க இதைத் திருத்தினார்கள். அதே ஆண்டில் தலைமை நீதிபதி துன் சாலே அபாஸ் பதவி நீக்கப்பட்டார். 2017இல் செமினி ஜெயா வழக்கில்தான் நீதி அதிகாரம் நீதிமன்றத்துக்கே உரியது என்று கூட்டரசு நீதிமன்றம் நிமிர்ந்து சொன்னது. அதை எழுதியவரும் அதே ஜைனுன் அலி.

வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். நம் பேராக்கின் மறைந்த சுல்தான் அஸ்லான் ஷா, அரியணை ஏறும் முன் நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்தவர். எல்லையில்லாத அதிகாரம் என்று சட்டத்தில் ஒன்று கிடையாது என்று அப்போதே தீர்ப்பில் எழுதியவர். இந்த மண்ணுக்கு அந்தப் பாரம்பரியம் உண்டு.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. தீர்ப்பு வந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். கணவரைப் பிடிக்கச் சொல்லிக் காவல்துறைத் தலைவருக்கு 2016லேயே கூட்டரசு நீதிமன்றத்தின் உத்தரவு போனது. ஆனாலும் அந்தக் கடைக்குட்டியின் பள்ளிப் பருவம் முழுக்கத் தாய் முகம் பார்க்காமலே போனது. ஒருதலைப்பட்ச மதமாற்றத்தைத் தடுக்கும் பிரிவை 2017இல் மசோதாவிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஆனால் 2018 தீர்ப்பு வீணாகவில்லை. பெர்லிஸில் மூன்று பிள்ளைகளின் மதமாற்றம் செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024இல் சொன்னபோது, அந்தத் தாய்க்குப் பாதை போட்டுக் கொடுத்தது ஈப்போவின் இந்திராதான்.

திருவிழா மலருக்கு வாழ்த்து விளம்பரம் கொடுக்க நம்மிடம் பணம் இருக்கிறது. ஓர் அரசமைப்புச் சட்டப் புத்தகம் எத்தனை வீட்டில் இருக்கிறது? அது சின்னப் புத்தகம். வாங்குங்கள். மலாயில் வாங்குங்கள், ஆங்கிலத்திலும் வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு சொல் மாறினால் ஒரு குடும்பமே சிதையும் என்பது அப்போது அவளுக்கு விளங்கும்.

நம் பாட்டன்மார் விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்றார்கள். கிராணி பெயர் வாசித்தபோது கை கட்டிப் பதில் சொன்னார்கள். பேத்தி அந்த உயர்ந்த நாற்காலியில் உட்காரட்டும். உட்காரும் நாளில், யாருக்கும் கை கட்டாத அறிவோடு உட்காரட்டும்!

அந்தப் பிள்ளை போகும்போது என் மேசையிலிருந்த பழைய பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது முதல் கேள்வி அதேதான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.