கொட்டகை எங்கே?

தோழர்களே! கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் ஒருநாள் விடியற்காலையில் ஏறிப் பாருங்கள். பொன்னேரியிலும் கவரைப்பேட்டையிலும் ஏறுகின்ற பாட்டாளிகள் ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி. கூலி வருவது அதிலே, வாடகை போவது அதிலே, ஊரிலே விட்டு வந்த பிள்ளையின் முகம் பார்ப்பதும் அதிலே! அது பழுதானால் பழுது பார்க்கும் தம்பியிடம் தருகிறோம். அவனும் கைவிரித்தால் காயலான் கடையில் போட்டுவிட்டு, கிடைத்த காசை இலாபமென எண்ணி வீடு திரும்புகிறோம்.

பிறகு என்ன நடக்கிறது?

கடையின் பின்கட்டிலே சுத்தியலும் உளியுமாக அமர்கிறான் ஓர் ஏழை. செம்புக்காகக் கம்பியைக் கொளுத்துகிறான். பொட்டுத் தங்கத்துக்காகச் சுற்றுப் பலகையை அமிலத்தில் முக்குகிறான். பிளாஸ்டிக் புகை அவன் மார்புக்குள்ளே. பற்றாசிலிருந்த ஈயம் அவன் கைவழியே சோற்றுக்குள்ளே! ஈயம் எவரையும் விடாது என்றாலும், சின்னஞ்சிறு பிள்ளைகளின் மூளையைத்தான் அதிகம் கெடுக்கிறது என்கிறது மருத்துவம். தங்கம் யாரிடமோ போய்ச் சேருகிறது. ஈயம் மட்டும் குடிசையிலேயே தங்கிவிடுகிறது.

2022ஆம் ஆண்டில் உலகம் கழித்துக் கொட்டிய மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 விழுக்காடே. மிச்சத்தில் எவ்வளவு இத்தகைய பின்கட்டுகளுக்குப் போயிற்றோ!

சட்டம் இல்லையா? இருக்கிறது, தோழர்களே, இருக்கிறது! 2016ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளைப் படித்துப் பாருங்கள். தொழிற்பேட்டைகளிலே இந்த வேலைக்கென இடமோ கொட்டகையோ ஒதுக்கிடச் சொல்லிற்று. உடைத்துப் பிரிக்கும் தொழிலாளரைப் பதிவு செய்க, குழுக்களாகச் சேர உதவுக, ஆண்டுதோறும் அவர்தம் உடல்நலம் காத்திடுக என்று தொழிலாளர் துறைக்குக் கட்டளையிட்டது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 2022ஆம் ஆண்டு விதிகளிலும் கொட்டகைக்கு இடம் உண்டு. ஆனால் பதிவு செய்துகொள்ள வேண்டியோர் நான்கு வகையினர்: ஆலையில் செய்வோர், சந்தைக்கு விடுவோர், பழுது நீக்கிப் புதுப்பிப்போர், மறுசுழற்சி செய்வோர். உளி பிடித்தவனுக்கு அந்த வரிசையிலே தனி இடம் கிடையாது!

இதை ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ளிவிட வேண்டாம். பணம் இருக்கிறது இதிலே. மறுசுழற்சிக்காகப் பெரிய நிறுவனங்கள் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய், கைப்பேசியானால் 34 ரூபாய் தரவேண்டும் என மைய அரசு வரம்பு கட்டிற்று. உடனே என்ன செய்தார்கள் சாம்சங், எல்ஜி, டைக்கின் போன்ற சீமான்கள்? 2025இல் டில்லி உயர்நீதிமன்றத்தின் படியேறினார்கள், சுமை தாங்கவில்லை என்று! 22 ரூபாய்க்கு வழக்காட அவர்களுக்கு வழக்கறிஞர் உண்டு. அந்த 22 ரூபாயோ பதிவு பெற்ற ஆலைக்குத்தான் போகும். ஏட்டிலே பெயரில்லாதவனுக்கு அதில் ஒரு காசும் கிடையாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வாருங்கள். பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் அங்கே உண்டு. மற்றத் தொழிற்சாலைகளின் அபாயக் கழிவைக் கொண்டுவந்து புதைக்கும் நிலமும் அங்கே உண்டு. விஷத்தைப் புதைக்க இடம் தந்தவர்கள், விஷத்தோடு மல்லாடுபவனுக்குக் கூரை தரக்கூடாதா?

இடையிலே ஒன்று சொல்லிவிடுகிறேன், வீட்டுக்கு உதவும். பழைய கைப்பேசியைக் கொடுக்குமுன் சிம்மையும் நினைவக அட்டையையும் கழற்றிவிடுங்கள். படங்களை ஒவ்வொன்றாக அழித்தால் போதாது. அமைப்புகளுக்குள் சென்று எல்லாவற்றையும் ஒருசேரத் துடைத்திடுங்கள். மின்கலம் உப்பியிருந்தால் குத்தவும் வேண்டாம், குப்பையில் எறியவும் வேண்டாம்; தீப்பற்றிக்கொள்ளும். பெயர் தெரிந்த, ஊர் தெரிந்த கடைக்காரரிடமே கொடுங்கள். அவர் பதிவு பெற்றவராயின் நமது இரகசியத்துக்கும் பொறுப்பாளி கிடைப்பார். கொட்டகை கேட்பது அவனுக்காக மட்டுமல்ல என்பது விளங்குகிறதா?

ஆளுவோர் நம்மவரா, மாற்றாரா என்று பார்த்துக் கேட்கும் கேள்வியல்ல இது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையிலே இருக்கிறது. ஒரு தாள், 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை. 30 நாளில் விடை தந்தாக வேண்டும். மின்னணுக் கழிவுக் கொட்டகைக்கென ஒதுக்கிய மனை எண் என்ன என்று சிப்காட்டைக் கேளுங்கள். பதிவான உடைப்புத் தொழிலாளர் எத்தனை பேர் என்று தொழிலாளர் துறையைக் கேளுங்கள். விடை வந்ததும் நகலை எடுத்துக்கொண்டு கிளைக் கூட்டத்துக்கு வந்து சேருங்கள்.