மாத்திரை காக்காது, கையுறை காக்கும்

"மெலடோனின் குறைவதால்தான் சருமம் சீக்கிரம் மூப்படைகிறது, ராத்திரி ஒரு மாத்திரை போட்டால் இளமை திரும்பும்." அழகுக் குறிப்புக் காணொளிகளில் அடிக்கடி வரும் பேச்சு இது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிலாளர்களும் இதை நம்பிக் காசைக் கரைத்துவிடக் கூடாது.

வயது ஏற ஏற, தூக்க ஹார்மோனான மெலடோனின் சுரப்பு குறைவது உண்மைதான். சருமமும் தன் பங்குக்குச் சிறிது சுரக்கிறது. ஆனால் சுருக்கத்துக்கு அதுதான் காரணம் என்றால், மேல்கையின் உட்பக்கம் மட்டும் வழுவழுவென்று இருப்பது எப்படி? முகத்துக்கும் அதற்கும் ஒரே வயது, ஒரே ரத்தம். வெயில் படும் இடம்தான் முதலில் சுருங்குகிறது. வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

தோல் பதனிடும் டேனரிக்குள் இன்னும் மோசம். மாட்டுத்தோலின் முடியைக் கரைக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போடுகிறார்கள். முடியும் நம் மேல்தோலும் கெரட்டின் என்ற ஒரே வகைப் புரதத்தால் ஆனவை. வெறுங்கையோடு சுண்ணாம்புக் குழியில் இறங்குபவரின் விரலை மட்டும் அது விட்டுவைக்குமா? டிரம்மிலிருந்து வெட் ப்ளூவை, அதாவது குரோமியத்தில் பதனிட்ட ஈரத்தோலை, அள்ளும்போது குரோமியம் வேறு. அதற்கு ஒருமுறை ஒவ்வாமை வந்தால் லேசில் போகாது. கை தடித்து, வெடித்து, முப்பது வயதுக்காரர் கை அறுபது வயதுக் கை போலாகிவிடும். இதில் மெலடோனின் என்ன செய்யும்?

"ஆய்வில் நிரூபித்துவிட்டார்கள்" என்பார்கள். 1990களில் நடந்த சிறு ஆய்வுகளில், புற ஊதாக் கதிர் படுவதற்குக் கால் மணி நேரம் முன்பு மெலடோனின் தடவியபோது தோல் சிவப்பது குறைந்தது. பட்டபின் தடவியதில் பலன் இல்லை. ஒரு நாள் சிவப்பு வேறு, பல வருடச் சுருக்கம் வேறு. அதுவும் பூச்சுதான், மாத்திரை அல்ல. நிறம் வெளுக்கும் என்பதும் பொய். 1958இல் மாட்டின் பினியல் சுரப்பியிலிருந்து மெலடோனினைப் பிரித்தெடுத்த ஆரன் லெர்னர், யேல் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர். தவளையின் தோல் வெளுத்தது, மனிதத் தோல் வெளுக்கவில்லை.

"இயற்கைப் பொருள், கெடுதல் இல்லை" என்பதும் சரியல்ல. 2017இல் வெளியான கனடா ஆய்வொன்றில் 31 மெலடோனின் தயாரிப்புகளைச் சோதித்தார்கள். லேபிளில் போட்டதைவிட 83 சதவீதம் குறைவு முதல் 478 சதவீதம் அதிகம் வரை மெலடோனின் இருந்தது. மறுநாள் காலை தூக்கக் கலக்கத்தோடு, தோலைச் சீவும் ஷேவிங் மெஷின் முன் நிற்பவர் நிலையை நினைத்துப் பாருங்கள்.

மீண்டும் குரோமியத்துக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 முதல், உடம்பில் படும் தோல்பொருளில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினாலே விற்க முடியாது. செருப்பு வாங்குபவர் காலுக்கு அவ்வளவு அக்கறை. அதைச் செய்பவர் கைக்கும் அந்த அக்கறை வேண்டும். கையுறை, கழுவ நல்ல தண்ணீர், கை வெடித்தால் உடனே தோல் மருத்துவர்: இவற்றை முதலாளிகள் தர வேண்டும், தொழிலாளர்கள் கேட்டு வாங்க வேண்டும்.