எல்லாமே கண்டனமா?

எம்மவர் பத்திரிகைகளுக்கும் வானொலிகளுக்கும் ஒரேயொரு சொல்தான் தெரியும் போலும்: கண்டனம். நியூயோர்க்கில் யாராவது புருவத்தை உயர்த்தினாலும் 'ஐ.நா. கடும் கண்டனம்' என்று தலைப்புப் போடுகிறார்கள்.

ஆங்கில இராஜதந்திர மொழியில் படிகள் உண்டு. 'கொன்சேர்ன்' என்றால் கவலையோடு பார்த்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். அதில் குற்றவாளி கிடையாது. 'றிகிறெற்' என்றால் வருந்துகிறோம். செய்தவனின் பெயர் பெரும்பாலும் வராது. 'டிப்ளோர்' சற்றுச் சூடானது. அழுது புலம்புதல் என்ற இலத்தீன் வேரிலிருந்து வந்தாலும், செய்தது பிழை என்று சொல்லும். 'கொண்டெம்' மட்டுந்தான் தீர்ப்பு. குற்றவாளிக்குத் தண்டனை விதிக்கும்போதும் அதே சொல்தான். இந்தப் படிகளில் ஒன்று ஏற்றுவதா இறக்குவதா என்று அங்கே அவர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். நாமோ நான்கையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறோம்.

2009 மே 13ஆம் திகதி பாதுகாப்புச் சபை உறுப்பினர்கள் விடுத்த பத்திரிகை அறிக்கையை எடுத்துப் படியுங்கள். பொதுமக்கள் நூற்றுக்கணக்கில் பலியாகியும் காயப்பட்டும் வருவதாக வந்த செய்திகளுக்குக் கவலை. சனம் நெருக்கமாயிருந்த இடங்களில் கனரக ஆயுதங்கள் பாவிக்கப்படுவதற்கும் கவலை. கண்டனம், அதுவும் 'வன்மையாக', புலிகளுக்கு. மக்களைக் கேடயமாக வைத்திருந்ததற்கும் சேர்த்து. அரசுக்குக் கண்டனம் ஒன்றுமில்லை. இந்தப் பங்கீடு நியாயமா என்று சண்டை பிடிக்கலாம், பிடிக்கவும் வேண்டும். ஆனால் முதலில் அது எம் சனத்துக்குத் தெரியவேண்டாமா? ஏப்ரலிலிருந்து இலண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் மழையென்றும் குளிரென்றும் பாராமல் நின்றவர்களுக்கு, உலகம் கண்டித்துவிட்டது, இனி நிற்பாட்டிவிடும் என்ற நம்பிக்கையை ஊட்டியது யார்?

தமிழில் சொல்லில்லை என்று சாட்டுச் சொல்லாதீர்கள். எங்கள் வீடுகளில் புறுபுறுத்தல் வேறு, நொட்டை சொல்லல் வேறு, பேச்சு வேறு, ஏச்சு வேறு. எந்தப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும். செய்தி எழுதுகிறவருக்கு மட்டும் தெரியாதாம்!

இரண்டு கிழமை கழித்து, மே 27இல், ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை ஒரு தீர்மானம் எடுத்தது. ஆதரவு 29, எதிர்ப்பு 12, நடுநிலை 6. அதிலும் கண்டனம் புலிகளின் தாக்குதல்களுக்குத்தான். இடம்பெயர்ந்தவர்களின் தேவைகளுக்காக அரசு எடுத்த நடவடிக்கைகளுக்குக் கவலைகூட இல்லை. அங்கே இருந்த சொல் 'கொமென்ட்', பாராட்டு.