வயித்தைக் கழுவ ஒரு மெனு கார்டு!

செமஸ்டர் நடுவுல வீட்ல இருந்து போன்: "அப்பாவுக்கு கொலனோஸ்கோபி எடுக்கணுமாம், கூட வர்றியா?" இப்படி ஒண்ணு வந்தா, துணைக்குப் போறதோட உங்க வேலை முடியாது. முதல் நாள் கிச்சன் டூட்டியும் உங்களுக்குத்தான்!

ஏன்னா, ஆஸ்பத்திரியில கொடுக்குற சீட்டு பெரும்பாலும் இங்கிலீஷ்ல இருக்கும். 'லோ ரெசிட்யூ', 'கிளியர் லிக்விட்'னு போட்டிருப்பாங்க. அதை நம்ம அடுப்படி பாஷைக்கு மாத்த ஆள் வேணுமில்ல?

லோ ரெசிட்யூன்னா சக்கை இல்லாத சாப்பாடு. முதல் நாள் காலையில இட்லி ஓகே. ஆனா சாம்பார், தேங்காய்ச் சட்னி ரெண்டுக்கும் தடா. தயிர் தொட்டுக்கலாம். மதியம் குழைஞ்ச வெள்ளைச் சோத்துல தயிர் சாதம்; கடுகு, கறிவேப்பிலை, மாதுளை எதுவும் விழக் கூடாது. கீரை, கொய்யா, தக்காளி விதை, எள்ளு, கடலை, கேழ்வரகு எல்லாத்துக்கும் லீவு. 2, 3 நாள் முன்னாடியே இதை நிறுத்தச் சொல்ற டாக்டர்களும் உண்டு. 2025-ல வந்த அமெரிக்க வழிகாட்டுதல், மத்த சிக்கல் இல்லாதவங்களுக்கு முதல் நாள் மட்டும் போதும்னு சொல்லுது. உங்க டாக்டர் சொல்றதுதான் உங்களுக்குக் கணக்கு.

"ஒரு சின்ன விதை என்ன பண்ணும்?"னு அப்பா கேப்பார். கேமரா குழாயோட உறிஞ்சுற வழியை அடைக்கும். ஒட்டிக்கிட்ட கீரைக்குப் பின்னாடி ஒரு பாலிப், அதாவது சின்ன சதை வளர்ச்சி, ஒளிஞ்சுக்கலாம். சில பாலிப் பல வருஷம் கழிச்சு புற்றுநோயா மாறும். கண்ணுல பட்டா, பெரும்பாலும் அங்கேயே வெட்டி எடுத்துடுவாங்க. படலைன்னா? அதான் மேட்டர். வயிறு சுத்தமாகலைன்னா முதல்ல இருந்து திரும்பவும் எல்லாம்!

மதியத்துக்கு அப்புறம் வெறும் தெளிஞ்ச திரவம்தான். இதுக்கு ஈஸி டெஸ்ட்: கண்ணாடி டம்ளர்ல ஊத்தி பின்னாடி நியூஸ்பேப்பரை வைங்க. எழுத்தைப் படிக்க முடிஞ்சா பாஸ்! வடிகட்டின இளநீர், எலுமிச்சை ஜூஸ், ஆப்பிள் ஜூஸ், பால் இல்லாத டீ எல்லாம் பாஸ். மோர் ஃபெயில். சூப்னா துணியில வடிகட்டின தெளிவு மட்டும். சிவப்பு, ஊதா கலர் எதுவும் வேண்டாம்; பீட்ரூட், திராட்சை ஜூஸ் எல்லாம் உள்ள ரத்தம் மாதிரி தெரிஞ்சு குழப்பும். கிட்னி பிரச்னை இருந்தா, பொட்டாசியம் இருக்குற இளநீரை டாக்டரைக் கேக்காம கொடுக்காதீங்க.

அப்புறம் வில்லன் என்ட்ரி: பவுடர்! அனேகமா 2 லிட்டர் தண்ணியில கலக்கச் சொல்வாங்க. பாலிஎத்திலீன் கிளைக்கால்... அட, நம்ம பாலிமர் யூனிட்ல வர்ற அதே ஆசாமிதான். குடல் உறிஞ்சாதபடி தண்ணியைப் பிடிச்சு வச்சு, எல்லாத்தையும் அடிச்சுட்டு வெளியே வரும். உடம்போட உப்பு குறையாம இருக்க அதுலயே உப்பும் சேர்த்திருக்காங்க. அதனால பவுடருக்குப் பதிலா வெறும் தண்ணியா ஊத்திக் கொடுக்குறது ஆபத்து.

10, 15 நிமிஷத்துக்கு ஒரு டம்ளர். எங்க பெரியப்பா மூணாவது டம்ளர்லயே மூஞ்சியைத் திருப்பிக்கிட்டார். ஃபிரிட்ஜ்ல வச்சு ஸ்ட்ரா போட்டுக் கொடுத்ததும் உள்ள இறங்குச்சு. குமட்டினா அரை மணி கேப் விடுங்க. பாதியை முதல் நாள் சாயங்காலமும், மீதியை டெஸ்ட்டுக்கு 4-லிருந்து 6 மணி நேரம் முன்னாடியும் ஆரம்பிக்கச் சொல்வாங்க. காலை டெஸ்ட்னா விடியறதுக்கு முன்னாடி அலாரம் வைங்க. கடைசி 2 மணி நேரம் ஒரு சொட்டுகூட கூடாது.

கடைசியா வர்றது தெளிஞ்ச மஞ்சள் தண்ணியா இருக்கணும். "எப்படிப்பா போச்சு?"னு கேக்க கூச்சமாத்தான் இருக்கும். கேளுங்க. கலங்கலா இருந்தா ஆஸ்பத்திரிக்கு போன் போடுங்க.

சுகர் மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாம இருக்கப் போடுற மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை... எதை எப்போ நிறுத்தணும்னு ஒரு வாரம் முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்குங்க. நீங்களா முடிவு பண்ணாதீங்க.

டெஸ்ட் முடிஞ்சதும் கொஞ்சம் காத்து பிரியும், சிரிக்காதீங்க! டாக்டர் ஓகே சொன்னதும் சூடா ரெண்டு இட்லி. மயக்க மருந்து கொடுத்திருந்தா, வண்டிச் சாவி அன்னிக்கு முழுக்க உங்க பாக்கெட்லயே இருக்கட்டும்.